செத்த போர்டைப் பிழைக்க வைத்தவர்கள்

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. வழக்கம்போல அலுவலகத்துக்கு வந்தவர்கள் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். விண்டோஸ் வந்தது; சிறிது நேரத்தில் அப்படியே உறைந்து நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டபோது மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஒரு எழுத்துகூட வரவில்லை. தென்கொரியா, துருக்கி, வங்கதேசம், இந்தியா என்று பல நாடுகளில் அன்றைக்கு இதே புகார்தான்.

காரணம், சுமார் ஒரு கிலோபைட் அளவே உள்ள ஒரு வைரஸ். தைவானில் தாதுங் கல்லூரி மாணவராக இருந்த சென் இங்-ஹாவ் 1998இல் எழுதியது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதை சிஐஎச் என்றார்கள். செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதியில் வேலையைக் காட்டியதால் செர்னோபில் வைரஸ் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. முதலில் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருந்த தகவல்களை அழித்தது. அதோடு நின்றிருந்தால் விண்டோஸை மறுபடி போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் அது மதர்போர்டில் இருக்கும் பயாஸ் சிப்பையும் தேடிப் போய் அதில் குப்பையை எழுதியது. இன்டெல்லின் 430டிஎக்ஸ் சிப்செட் பொருத்திய போர்டுகள் அதன் கையில் வசமாகச் சிக்கின.

மென்பொருள் கெட்டால் மென்பொருள்தான் போகும், இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் அதுவரை நம்பியிருந்தார்கள். அன்றைக்கு அந்த நம்பிக்கை போனது. ஆனால் பழுது பார்க்கும் மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. பயாஸ் அப்டேட் பாதியில் நின்றுபோன போர்டுகள் சில ஆண்டுகளாகவே அவர்களிடம் வந்துகொண்டிருந்தன. வைரஸ் வேண்டுமென்றே செய்ததை, ஒரு நொடி மின்தடையோ தப்பான ஒரு கோப்போ தற்செயலாகச் செய்துவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். அந்த மருந்து எப்படி உருவானது என்பது நாற்பது ஆண்டுக் கதை.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வந்ததும் பிராசஸருக்கு ஒன்றுமே தெரியாது. மெமரியில் எதுவும் இல்லை, ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு முகவரி. ஐபிஎம் பிசியில் இருந்த 8088 பிராசஸருக்கு அது 1 எம்பி எல்லையின் உச்சியிலிருந்து 16 பைட் கீழே இருந்தது. அங்கே போய் முதல் கட்டளையைப் படிக்கும். அந்த முகவரியில் உட்கார்ந்திருப்பதுதான் பயாஸ். மெமரியைச் சோதிப்பது, கீபோர்டை எழுப்புவது, திரையில் எழுத்து வரவைப்பது, டிஸ்க்கிலிருந்து இயங்குதளத்தை அழைத்து வருவது எல்லாம் அதன் பொறுப்பு. இந்தச் சிறு நிரலுக்கு அப்பெயரை வைத்தவர் கேரி கில்டால். 1970களின் நடுவில் அவர் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தில்தான் அது முதலில் வந்தது.

1981 ஆகஸ்ட் 12இல் ஐபிஎம் தன் பிசியை அறிமுகப்படுத்தியபோது அதன் பயாஸ் அளவு 8 கிலோபைட். ஐபிஎம் அதை மறைத்து வைக்கவில்லை; தொழில்நுட்பக் கையேட்டில் முழு நிரலையும் வரிவரியாக அச்சிட்டே கொடுத்தது. நகலெடுத்தால் பதிப்புரிமை வழக்கு வரும் என்பதால், ஐபிஎம் நிரலைப் பார்த்தே இராதவர்களை வைத்துப் புதிதாக எழுத வேண்டிய நிலை மற்ற நிறுவனங்களுக்கு ஏற்பட்டது. கம்ப்பாக் அப்படித்தான் எழுதியது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அதே முறையில் ஒரு பயாஸை எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. அதன் பிறகு உலகம் முழுக்க ஐபிஎம் அல்லாத பிசிகள் பெருகின.

அந்தக் காலத்து பயாஸில் தவறு இருந்தால் என்ன செய்வது? ஐபிஎம் பிசிக்கே அந்தச் சிக்கல் வந்தது. முதல் பதிப்புகள் 640 கிலோபைட் மெமரியை முழுதாக ஏற்கவில்லை. ஹார்ட் டிஸ்க் கார்டில் இருக்கும் நிரலைத் தேடிப் படிக்கவும் தெரியவில்லை. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பதிப்பில் இரண்டும் சரியாயின. பழைய பிசி வைத்திருந்தவர்கள் புதிய சிப்பை வாங்கி, சாக்கெட்டிலிருந்து பழையதைப் பிடுங்கிவிட்டு இதைச் செருக வேண்டும். கையால் செய்கிற அந்த வேலையில், சற்றுக் கவனக்குறைவாக இருந்தால் சிப்பின் கால் வளையும். ஆனால் அப்டேட் பாதியில் நின்று போர்டு சாவது என்ற பேச்சுக்கே இடமில்லை. புதியது சரிவராவிட்டால் பழைய சிப் மேசைமேலேயே இருக்கும்.

பிறகு வந்த போர்டுகள் பலவற்றில் பயாஸ் இருந்தது ஈப்ராமில். இன்டெல்லில் வேலை பார்த்த டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்து, 1971இல் 1702 என்ற எண்ணோடு சந்தைக்கு வந்த நினைவகம் அது. முதுகில் வட்டமான குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். புற ஊதா விளக்கின் கீழே சுமார் இருபது நிமிடம் வைத்தால் உள்ளே எழுதியதெல்லாம் அழியும். பிறகு புரோகிராமர் கருவியில் வைத்துப் புதிதாக எழுதலாம். வெளிச்சம் பட்டு அழிந்துவிடக் கூடாது என்று ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பழைய போர்டுகளில் பயாஸ் நிறுவனத்தின் பெயரும் வரிசை எண்ணும் தாங்கிப் பளபளத்த அந்த ஸ்டிக்கர், அழகுக்காக ஒட்டியதல்ல.

ஆபத்து வந்தது வசதியோடு. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுவோகா 1984இல் ஃப்ளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். 1988இல் இன்டெல் அதை வணிகமாக்கியது. 1990களின் தொடக்கத்தில் அது மதர்போர்டுக்கு வந்து சேர்ந்தது. இனி சிப்பைக் கழற்ற வேண்டாம், புற ஊதா விளக்கும் வேண்டாம். ஒரு ஃபிளாப்பியில் புதிய பயாஸ் கோப்பை எடுத்து வந்து, டாஸ் கட்டளை ஒன்றைக் கொடுத்தால் போர்டில் இருந்தபடியே சிப் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

ஆனால் ஃப்ளாஷ் சிப்பின் குணம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதில் ஒரு எழுத்தை மட்டும் நினைத்தபடி திருத்த முடியாது. சிலேட்டில் ஒரு சொல்லை மாற்ற முழுச் சிலேட்டையும் துடைப்பதுபோல, ஒரு பெரிய பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத முடியும். அழிந்த இடத்தில் எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும். எழுதுவது என்றால் வேண்டிய இடங்களை 0 ஆக்குவது. அழிப்பதற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் சில நொடிகள் உண்டு. அந்த நொடிகளில் கம்ப்யூட்டருக்குப் பழைய பயாஸும் இல்லை, புதியதும் இல்லை. அப்போது மின்சாரம் போனால், மறுமுறை போடும்போது பிராசஸர் தனக்குத் தெரிந்த அந்த ஒரே முகவரிக்குப் போய் வெறுமையைப் படிக்கும். எந்தப் பாகமும் எரிந்திருக்காது, உடைந்திருக்காது. ஆனாலும் போர்டு செத்ததற்குச் சமம்.

இந்த ஆபத்தை இன்டெல் பொறியாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். பயாஸுக்கென்றே அவர்கள் செய்த 128 கிலோபைட் ஃப்ளாஷ் சிப்பைப் பல துண்டுகளாகப் பிரித்தார்கள். பெரிய துண்டு 112 கிலோபைட். பயாஸ் அதில் இருக்கும். 8 கிலோபைட் மட்டுமே உள்ள ஒரு துண்டைத் தனியே பூட்டி வைத்தார்கள். சிப்பின் ஒரு காலில் 12 வோல்ட் கொடுத்தாலொழிய அந்தத் துண்டை அழிக்க முடியாது. அதற்குப் பூட் பிளாக் என்று பெயர். அப்டேட் எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் அந்த 8 கிலோபைட் பிழைத்திருக்கும். பிராசஸர் படிக்கும் முதல் கட்டளையும் அதற்குள்தான் இருந்தது. பயாஸ் சரியாக இருக்கிறதா என்று அது கூட்டிப் பார்க்கும். கணக்கு உதைத்தால் ஃபிளாப்பி டிரைவிலிருந்து புதிய பயாஸைக் கேட்கும். போர்டுக்கு உயிர் கொடுக்கும் உத்திகள் பின்னாளில் எத்தனையோ வந்தன. கைபடாத ஒரு மூலையை ஒதுக்கி வைப்பது என்ற இந்த எண்ணம்தான் அவற்றில் பலவற்றுக்கும் தாய்.

8 கிலோபைட்டில் என்னென்ன வைக்க முடியும்? இன்டெல் போர்டுகளின் மீட்பு முறையில் திரைக்கு இடமே இல்லை. ஜம்பரை எடுத்து மீட்பு நிலைக்கு மாற்றி, ஃபிளாப்பியைச் செருகி, மின்சாரம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேலை நடக்கிறதா என்பதைச் சொல்ல ஃபிளாப்பி டிரைவின் விளக்கும் ஸ்பீக்கரின் பீப் ஒலியும் மட்டுமே உண்டு. இருண்ட திரைக்கு முன்னால், டிரைவ் கரகரக்கும் ஓசையைக் காதில் வாங்கியபடி மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். கை பொத்தானின் பக்கமே போகாது.

அவார்ட் நிறுவனத்தின் பயாஸ் சற்றுத் தாராளம் காட்டியது. அதன் பூட் பிளாக்குக்குப் பழைய ஐஎஸ்ஏ வகை வீடியோ கார்டு தெரியும். பிசிஐ கார்டு தெரியாது. அதனால் 1990களின் இறுதியில் சர்வீஸ் கடைகளில் ஒரு பழைய ஐஎஸ்ஏ கார்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். யாரும் விலை கொடுத்து வாங்காத அந்தக் கார்டைச் செருகினால், செத்ததாக நினைத்த போர்டு திரையில் பேசும். பயாஸின் கூட்டுத்தொகை தவறு, ஃபிளாப்பியைத் தேடுகிறேன் என்று எழுதிக் காட்டும். கார்டு கிடைக்காதவர்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்வதுபோல, தானே ஓடி பயாஸை எழுதும்படி ஒரு ஃபிளாப்பியை வேறு கம்ப்யூட்டரில் தயாரித்துக் கொண்டுவந்து போட்டார்கள்.

பயாஸ் எழுதும் நிறுவனங்களில் மூன்றாவது பெரிய பெயர் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், சுருக்கமாக ஏஎம்ஐ. 1985இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்ரமோனியன் சங்கரும் பாட் சர்மாவும் தொடங்கியது. பின்னாளில் டெல் என்று பெயர் மாறிய பிசிஸ் லிமிடெட் அதன் முதல் வாடிக்கையாளர். ஏஎம்ஐ பயாஸ் உள்ள போர்டில் கன்ட்ரோல், ஹோம் ஆகிய இரண்டு விசைகளையும் அழுத்திப் பிடித்தபடி போட்டால், ஃபிளாப்பியில் ஏஎம்ஐபூட் என்று பெயரிட்ட கோப்பை அது தேடிப் படிக்கும். இந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. உலகெங்கும் மதர்போர்டுகளில் ஓடும் ஃபர்ம்வேரின் ஒரு பகுதி சென்னைப் பொறியாளர்கள் எழுதியது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

இவ்வளவு ஆபத்து இருந்தும் மக்கள் ஏன் அப்டேட் செய்யத் துணிந்தார்கள் என்று கேட்கலாம். வேறு வழியில்லாமல்தான். 1990களில் ஹார்ட் டிஸ்க்குகள் பயாஸைவிட வேகமாக வளர்ந்தன. முதலில் 504 எம்பிக்கு மேல் தெரியவில்லை, பிறகு 8.4 ஜிபிக்கு மேல் தெரியவில்லை, அதைத் தாண்டினால் சில பயாஸ்கள் 32 ஜிபியில் முட்டி நின்றன. புதிய பிராசஸர் வாங்கினால் பழைய பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாது. 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது, தேதியில் நூற்றாண்டை மாற்றத் தெரியாத பயாஸ்களை எல்லாம் திருத்தச் சொன்னார்கள். ஆக, கம்ப்யூட்டரின் உட்புறத்தைத் திறந்தே பார்த்திராதவர்களும் இந்தக் கத்திமுனை வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. யுபிஎஸ் இல்லாத வீடுகளும், சொல்லாமல் போகும் மின்சாரமும் உள்ள ஊர்களில் அது எப்படி முடிந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பூட் பிளாக்கும் போய்விட்டால்? சிஐஎச் வைரஸ் தாக்கிய போர்டுகள் பலவற்றின் நிலை அதுதான். அப்டேட் நிரல்களே சில சமயம் பூட் பிளாக்கையும் சேர்த்துத் திருப்பி எழுதின. அது பாதியில் நின்றால் கடைசி மூலையும் போயிற்று. இங்கேதான் மெக்கானிக்குகளின் துணிச்சல் உள்ளே வருகிறது.

கம்ப்யூட்டர் எழுந்ததும் பயாஸ் தன்னை மெமரிக்கு நகலெடுத்துக்கொள்ளும். அதன் பிறகு பெரும்பாலும் சிப்பின் தேவை இருக்காது. இதைக் கவனித்த யாரோ ஒருவர், நல்ல போர்டு ஒன்றை டாஸ் வரை எழுப்பிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கினார். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அதே சாக்கெட்டில் செத்த சிப்பைச் செருகி, ஃப்ளாஷ் நிரலை ஓட்டினார். சிப்பில் புதிய பயாஸ் ஏறியது. அதை எடுத்துப் பழைய போர்டில் வைத்ததும் திரை ஒளிர்ந்தது. ஹாட் ஃப்ளாஷ் என்று பேர்பெற்ற இந்த வித்தையை முதலில் செய்தவர் பெயர் வரலாற்றில் இல்லை. ஆனால் உலகம் முழுக்கப் பழுது மேசைகளில் அது பரவியது.

மின்சாரம் ஓடும் போர்டில் உலோக முனையால் சிப்பை நெம்புவது பிசகினால் இரண்டாவது போர்டும் போகும். அதனால் கைதேர்ந்தவர்கள் முன்னேற்பாடு செய்தார்கள். போர்டு அணைந்திருக்கும்போதே நல்ல சிப்பைக் கழற்றி, அடியில் ஒரு நூலைக் குறுக்கே விட்டு, லேசாக மட்டும் திருப்பிச் செருகி வைப்பார்கள். டாஸ் வந்ததும் நூலின் இரு முனைகளையும் பிடித்து மேலே தூக்கினால் சிப் நேராக எழுந்து வந்துவிடும். இரண்டு போர்டும் ஒரே மாடலாக இருந்தால் நல்லது. வேறு போர்டு என்றால் தயாரிப்பாளரின் நிரல் முரண்டு பிடிக்கும்; அப்போது யூனிஃப்ளாஷ் போன்ற பொது நிரல்கள் கைகொடுத்தன. இன்றைக்கும் 1990களின் போர்டுகளைச் சேகரிப்பவர்கள் இதே முறையில்தான் பலவற்றை மீட்கிறார்கள்.

லினக்ஸ் உலகத்திலும் ஒரு கூட்டம் இதே வேலையில் இருந்தது, ஆனால் அவர்களுடைய காரணம் வேறு. 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மின்னிச் லினக்ஸ்பயாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பயாஸையே திறந்த நிரலாக எழுத வேண்டும் என்பது நோக்கம். எழுதிய ஒவ்வொரு முயற்சியும் தோற்றால் போர்டு செத்துப்போகும் என்பதால், சிப்பை மீண்டும் மீண்டும் எழுதும் கலையில் அவர்கள் தேர்ந்தார்கள். அத்திட்டம் 2008இல் கோர்பூட் என்று பெயர் மாறியது. அதன் துணைக் கருவியாகப் பிறந்த ஃப்ளாஷ்ராம் நிரல்தான், செத்த போர்டுகளை மீட்கும் பலர் இன்றைக்கும் லினக்ஸில் ஓட்டும் நிரல்.

சிஐஎச்சுக்குப் பிறகு தயாரிப்பாளர்களும் அசைந்து கொடுத்தார்கள். கிகாபைட் நிறுவனம் 1990களின் இறுதியிலேயே ஒரே போர்டில் இரண்டு பயாஸ் சிப் வைக்கும் டூயல்பயாஸ் முறையைக் கொண்டுவந்திருந்தது. முதல் சிப் கெட்டால் இரண்டாவது எழுந்து வந்து முதலாவதைத் திருத்தும். அந்த வசதி இல்லாத போர்டுக்காரர்களுக்கு பயாஸ் சேவியர் என்ற சிறு கருவி விற்பனைக்கு வந்தது. சாக்கெட்டுக்கும் சிப்புக்கும் நடுவில் அதைச் செருகி, சுவிட்சைத் தட்டினால் எந்தச் சிப் வேண்டுமோ அது வேலை செய்யும். எளிய, நேர்மையான தீர்வு.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, சிப் சாக்கெட்டில் இருந்ததுதான். 2000களின் நடுவில் அது மாறியது. 32 கால்கள் கொண்ட சிப் போய், எஸ்பிஐ முறையில் பேசும் எட்டே கால் கொண்ட குட்டிச் சிப் வந்தது. இடமும் செலவும் மிச்சம் என்று அதை நேராகப் போர்டிலேயே சால்டர் செய்தார்கள். லேப்டாப்களில் சாக்கெட் அரிதாயிற்று. நூலைக் கட்டித் தூக்கும் வித்தை அதோடு முடிந்தது. தயாரிப்பாளர்கள் மிச்சம் பிடித்தது சாக்கெட்டுக்கான சில்லறைக் காசு. அதற்காக, வீட்டிலேயே சிப்பை மாற்றிக்கொள்ளும் வழி வாடிக்கையாளரின் கையைவிட்டுப் போனது. கம்ப்யூட்டர் துறை எடுத்த மோசமான முடிவுகளில் இதுவும் ஒன்று.

ஆனால் எட்டுக் கால் சிப்புக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அதன் மொழி எளிது. போர்டை அணைத்துவிட்டு, சிப்பின் மேல் துணிக்கிளிப் வடிவத்தில் ஒரு சோதனைக் கிளிப்பை மாட்டி, மறுமுனையை சிஹெச்341ஏ என்ற சீன சிப் உள்ள மலிவான யுஎஸ்பி புரோகிராமரில் இணைத்தால் போதும். இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து செத்த பயாஸைப் படிக்கலாம், எழுதலாம். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் புரோகிராமரும் தேவையில்லை. சென்னையில் ரிச்சி தெரு முதல் சிறு நகரங்களின் லேப்டாப் கடைகள் வரை, சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவர்களின் மேசையில் ஹாட் ஏர் கருவிக்குப் பக்கத்தில் இந்தப் புரோகிராமரும் இடம்பிடித்துவிட்டது.

கருவி மலிவு என்பதால் வேலையும் எளிது என்று நினைக்கக் கூடாது. புதிய லேப்டாப்களில் 1.8 வோல்ட்டில் இயங்கும் சிப்கள் உண்டு. அவற்றுக்கு இடையில் மின்னழுத்த மாற்றி வைக்காமல் 3.3 வோல்ட் கொடுத்தால், மீட்க வந்த கையாலேயே சிப் வேகும். கறுப்பு நிறத்தில் விற்கும் சிஹெச்341ஏ புரோகிராமர்கள் பலவற்றில் தகவல் கம்பிகளில் 5 வோல்ட் வரும் குறைபாடு உண்டு என்பதும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், சிப்பில் இப்போது பயாஸ் மட்டும் இல்லை. இன்டெல் போர்டு என்றால் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனிப் பகுதி இருக்கும். போர்டின் வரிசை எண்ணும், பல போர்டுகளில் நெட்வொர்க் முகவரியும், விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸின் உரிமச் சாவியும் இதே சிப்பில்தான். வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த கோப்பை அப்படியே ஏற்றினால் இயந்திரம் எழும். ஆனால் தன் அடையாளத்தை இழந்திருக்கும். அதனால் நல்ல மெக்கானிக் எழுதுவதற்கு முன் சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டு நகலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, பத்திரப்படுத்திய பிறகே அடுத்த அடி வைப்பார். அந்தப் பொறுமைக்குத்தான் கூலி.

சிப்பும் பெருத்தது. 8 கிலோபைட்டில் தொடங்கியது 16 எம்பி ஆனது, 2,048 மடங்கு. யுஇஎஃப்ஐ என்ற புதிய ஏற்பாடு பழைய பயாஸின் இடத்தைப் பிடித்தது. 2005இல் அதற்கென ஒரு கூட்டமைப்பே அமைந்தது. யுஇஎஃப்ஐ ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தையும் தன் சிப்பில் சில குறிப்புகள் எழுத அனுமதிக்கிறது. வசதியான அந்தக் கதவு வழியாகப் புதுவகைச் சாவுகள் வந்தன. 2013 தொடக்கத்தில் சில சாம்சங் லேப்டாப்களில் லினக்ஸை எழுப்பியதுமே அவை மீளாமல் போயின. குறிப்பு எழுதும் இடம் நிரம்பினாலே, விண்டோஸிலிருந்து செய்தாலும்கூட, அந்த லேப்டாப்கள் சாகும் என்பதை மேத்யூ கேரட் என்ற நிரலாளர் காட்டினார். 2016இல் லினக்ஸில் எல்லாக் கோப்பையும் அழிக்கும் ஒரு கட்டளை யுஇஎஃப்ஐ குறிப்புகளையும் சேர்த்து அழித்து எம்எஸ்ஐ லேப்டாப் ஒன்றைச் சாய்த்தது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 பதிப்பு லெனோவோவின் சில மாடல்களில் பயாஸைக் கெடுத்ததால், கனானிக்கல் நிறுவனம் அந்தப் பதிப்பின் பதிவிறக்கத்தையே நிறுத்தி வைத்தது. இந்த லேப்டாப்களை வைத்திருந்தவர்கள் யாரும் பயாஸ் அப்டேட் செய்யவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2018 பிப்ரவரியில் ஏஎம்டிக்கு வேறு மாதிரிச் சிக்கல். புதிய ரைசன் பிராசஸரை வாங்கி, கடையில் கிடைத்த ஏஎம்4 போர்டில் பொருத்தினால் திரை வரவில்லை. போர்டு பழைய பயாஸோடு வந்திருந்தது. அப்டேட் செய்யலாம் என்றால், அதற்கு போர்டு எழ வேண்டும். எழுவதற்கு அப்டேட் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, கேட்டவர்களுக்குப் பழைய பிராசஸர் ஒன்றை இரவலாக அனுப்பி வைத்தது ஏஎம்டி. அப்டேட் செய்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அதோடும் முடியவில்லை. புதுப்புது பிராசஸர்களின் நிரல்கள் சேரச் சேர 16 எம்பி சிப்பில் இடம் போதவில்லை. சில தயாரிப்பாளர்கள் அழகான மெனுவைக் கைவிட்டு எளிய திரைக்குத் திரும்பினார்கள். எம்எஸ்ஐ 2019இல் 32 எம்பி சிப்போடு தனி வரிசை போர்டுகளையே கொண்டுவந்தது.

இந்த நெருக்கடி ஒரு நல்ல கருவியைப் பரவலாக்கியது. ஏசுஸ் நிறுவனம் 2011 வாக்கில் தன் விலை உயர்ந்த போர்டுகளில் யுஎஸ்பி பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்ற பட்டனை வைத்திருந்தது. போர்டில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் தனியாக இருக்கும். பிராசஸர் வேண்டாம், மெமரி வேண்டாம், வீடியோ கார்டு வேண்டாம். பவர் சப்ளையை மட்டும் இணைத்து, சொன்ன பெயரில் பயாஸ் கோப்பைப் பென் டிரைவில் போட்டு, குறிப்பிட்ட துளையில் செருகி, பட்டனை அழுத்தினால் விளக்கு மினுக்கும். சில நிமிடங்களில் வேலை முடியும். பயாஸ் முழுவதும் அழிந்திருந்தாலும் அந்தக் கட்டுப்பாட்டுச் சிப்புக்குக் கவலை இல்லை. எம்எஸ்ஐ, கிகாபைட் முதலியவையும் தங்கள் பெயர்களில் இதைக் கொண்டுவந்தன. நடுத்தர விலைப் போர்டுகளிலும் இப்போது இது கிடைக்கிறது.

லேப்டாப்களில் பட்டனுக்குப் பதில் விசைக் கூட்டு உண்டு. எச்பியின் பல மாடல்களில் விண்டோஸ், பி ஆகிய விசைகளையும், டெல்லில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளையும் பிடித்தபடி எழுப்பினால் மீட்பு தொடங்கும். 2018 மே மாதம் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி, ஃபர்ம்வேரைக் காப்பது, கெட்டதைக் கண்டுபிடிப்பது, மீட்பது ஆகிய மூன்றையும் சமமாக வலியுறுத்தியது. மீட்பும் வடிவமைப்பின் ஒரு பகுதி என்பதை அது எழுத்தில் ஒப்புக்கொண்டது.

ஆனாலும் கடைகளில் மலிவாக விற்கும் பல போர்டுகளில் அந்தப் பட்டனும் இல்லை, இரண்டாவது சிப்பும் இல்லை. குறைந்த விலைக்கு வாங்குகிறவர்கள்தான் போர்டு போனால் இன்னொன்று வாங்க முடியாதவர்கள். மீட்பு வசதி அவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும்; அதைச் சொகுசு வசதியாக வைத்து விற்பது நியாயமில்லை. மதர்போர்டு வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் படத்தைப் பார்க்கும் முன் பின்பக்கத்து இணைப்புப் பலகையில் அந்தப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் தயாரிப்பாளர்கள் வைப்பார்கள். ஏற்கெனவே போர்டு வைத்திருப்பவர்கள், அப்டேட் செய்யும் முன் அதன் மீட்பு முறையைக் கையேட்டில் படித்துவிட்டு, யுபிஎஸ் இணைப்பில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, இப்போது ஓடும் பயாஸ் பதிப்பின் கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.